எங்கள் வீட்டில் யாரும் விழவில்லை

ஜூன் 12, புதன்

பள்ளி திறந்து மூன்றாம் நாள். பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் பிரிவு கிடைத்துவிட்டது. இந்த டைரி மாரி அண்ணன் கொடுத்தது. டைல்ஸ் பசை விற்கிற கடையில் வருடத் தொடக்கத்தில் அவனுக்குக் கொடுத்தார்களாம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு தரை ஓட்டின் படம் இருக்கிறது. ஜனவரி முதல் மே வரை வெற்றுப் பக்கங்களாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நடக்காததை எழுதி நிரப்ப முடியாது.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். அப்பா புறவழிச் சாலையில் லாரிகளுக்கு எடை போடும் மேடையில் வேலை பார்க்கிறார். அம்மா இட்லி மாவு அரைத்து விற்கிறாள். அண்ணனுக்கு இருபத்து நான்கு வயது, டைல்ஸ் ஒட்டுகிறான். அருப்புக்கோட்டையில் புதிதாகக் கட்டிய வீடுகளில் பாதிக்கு மாரீஸ்வரன்தான் தரை போட்டான் என்று அம்மா மாவு வாங்க வருகிறவர்களிடம் சொல்வாள். பாதி என்பது மிகை. நான் சங்கரேஸ்வரி. வீட்டில் ஈசு.

புது ஷூ குதிகாலைக் கடிக்கிறது. காலையில் படுக்கையை விட்டு இறங்கி முதல் நாலு எட்டு வைக்கும்போது ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது. ஷூ பழகினால் சரியாகிவிடும்.

ஜூன் 16, ஞாயிறு

அண்ணன் இன்று எழுந்த விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு பக்கமாக உருண்டான். பிறகு முழங்கையை ஊன்றினான். பிறகு சுவரைப் பிடித்தான். நின்ற பிறகும் உடனே நடக்கவில்லை. அந்த நேரத்தில் அவன் முகம் அப்பாவின் முகத்தைவிட வயதானதாக இருந்தது.

ஆறு நாள் குனிந்தே வேலை செய்தால் முதுகு என்ன ஆகும் என்று அம்மா நல்லெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்தாள். போன மாதம் இங்கே ஒரு எலும்பு டாக்டரும் அதையேதான் சொன்னார். வெறுந்தரையில் படுத்து நன்றாக ஓய்வெடுக்கச் சொல்லி ஒரு இடுப்புப் பட்டை கொடுத்தார்.

எனக்கு ஒரு சந்தேகம். வேலைக்குப் போன நாளில் அண்ணன் சாயங்காலம் நிமிர்ந்து நடந்து வருகிறான், சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு நூலகத்துக்குக் கூடப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை படுத்தே கிடந்தால் திங்கட்கிழமை காலையில் அழாத குறை. வேலையால் வந்த வலி என்றால் வேலை இல்லாத நாளில் ஏன் கூடுகிறது? அம்மாவிடம் கேட்டேன். உளுந்து ஊறப்போடச் சொன்னாள்.

ஜூன் 20, வியாழன்

அண்ணனுக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள். பெயர் பாண்டிச்செல்வி, ஊர் பந்தல்குடி, நூல் மில்லில் வேலை. கோயிலில் வைத்துப் பார்த்தார்கள். நானும் போயிருந்தேன். அவர் யாருக்கும் வெட்கப்பட்ட மாதிரி தெரியவில்லை. அண்ணனின் கையைப் பார்த்துவிட்டு, சிமென்ட் நகத்துக்குள் போனால் எதைப் போட்டுக் கழுவுவீர்கள் என்று கேட்டார். மில்லில் தலைமுடிக்குள் பஞ்சு போகிறது, அதற்கே வழி தெரியவில்லை என்றார். அண்ணன் திரும்பி வரும் வழியெல்லாம் பேசாமல் சிரித்துக்கொண்டே வந்தான். ஆவணியில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

அப்பா இல்லாத பெண். தாய்மாமன் வேலுச்சாமிதான் எல்லாமும் பார்க்கிறார். அவருக்குச் சம்மதம் என்பதை எல்லோரும் இரண்டு தடவை சொன்னார்கள்.

ஜூன் 25, செவ்வாய்

அண்ணனுக்கு வலது கண் சிவந்துவிட்டது. மெட்ராஸ் ஐ என்று என்னைக் கிட்டே விடவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

இது மெட்ராஸ் ஐ இல்லை என்று நினைக்கிறேன். ஐந்து நாளாகியும் ஒரு கண்தான் சிவந்திருக்கிறது. பீளை இல்லை. வீட்டில் வேறு யாருக்கும் ஒட்டவில்லை. ட்யூப்லைட் போட்டால் கையால் மறைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்கிறான். அப்பாவிடம் சொன்னேன். நாளை மறுநாள் மதுரைக்குக் கூட்டிப் போகிறார்.

ஜூலை 2, செவ்வாய்

அப்பா மதுரையிலிருந்து கோபமாக வந்தார். கண் டாக்டர் விளக்கைப் போட்டு வெகுநேரம் பார்த்தாராம். பிறகு அண்ணனிடம், "காலையில எந்திரிக்கிறப்ப இடுப்பு பிடிச்சுக்குமா தம்பி?" என்று கேட்டாராம். கண்ணைக் காட்டப் போனால் இடுப்பை எதற்குக் கேட்கிறார் என்று அப்பா புலம்பினார். கண்ணுக்குள் அழற்சி, இப்படி வருகிற இளவயது ஆட்களுக்கு முதுகெலும்பையும் பார்க்க வேண்டும் என்று சொல்லி, பெரிய ஆஸ்பத்திரியில் வாத நோய்ப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அண்ணன் மட்டும் கோபப்படவில்லை. "நான் சொல்லாமலே அவருக்குத் தெரிஞ்சுருக்குடா ஈசு" என்றான். என்னை 'டா' போட்டுக் கூப்பிட்டால் அவன் பயந்திருக்கிறான் என்று அர்த்தம்.

ஜூலை 6, சனி

நூலகத்தில் அரை நாள். மருத்துவ அலமாரியில் ஒரு பழைய நூல் கிடைத்தது. அழற்சி என்றால் எரிச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. வெளியிலிருந்து கிருமி வந்தால் உடம்பு அந்த இடத்துக்கு ரத்தத்தையும் வெள்ளையணுக்களையும் அனுப்புகிறது. சிவப்பு, சூடு, வீக்கம், வலி எல்லாம் அந்தச் சண்டையின் தடயங்கள். சில பேருக்குக் கிருமியே இல்லாமல் சண்டை தொடங்கிவிடுகிறது. அப்போது அடி வாங்குவது சொந்த உடம்புதான்.

தசைநார் போய் எலும்பில் நங்கூரம் போடுகிற இடங்களில்தான் கண்ணையும் முதுகையும் சேர்த்துப் பிடிக்கிற வகைச் சண்டை முதலில் வருமாம். புத்தகத்தில் நான்கு இடங்கள் போட்டிருந்தது. நான் மூன்றை எழுதிக்கொண்டேன்: முதுகெலும்பு, இடுப்பு மூட்டு, விலா.

தரையில் உட்கார்ந்து படித்ததால் எழும்போது கால் மரத்துப் போயிருந்தது. நூலகர் அக்கா சிரித்தார், கிழவி மாதிரி எழுகிறாய் என்று.

ஜூலை 18, வியாழன்

போன வாரம் ரத்தமும் எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். இன்று முடிவு. ஆங்கிலத்தில் எழுதித் தந்தால் படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று அப்பா என்னையும் அழைத்துப் போனார். பள்ளிக்கு விடுப்பு.

பெண் டாக்டர். வாசலில் அவ்வளவு கூட்டம் நின்றும் அவசரப்படவில்லை. அண்ணனைச் சுவரில் முதுகை ஒட்டி நிற்கச் சொன்னார். தலையின் பின்பக்கம் சுவரைத் தொடுகிறதா என்று பார்த்தார். குனிந்து தரையைத் தொடச் சொன்னார். அண்ணனின் விரல்கள் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டன. தரை போடுகிறவனால் தரையைத் தொட முடியவில்லை. நான் ஜன்னலைப் பார்த்தேன்.

எக்ஸ்ரேயில் முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேருகிற இரண்டு மூட்டுகளைக் காட்டினார். கோடு தெளிவாக இருக்க வேண்டிய இடத்தில் எறும்பு அரித்தது மாதிரி இருந்தது. நோயின் பெயர் ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ். அப்பாவால் சொல்ல முடியவில்லை. நான் பேருந்தில் பத்துத் தடவையாவது சொல்லிப் பார்த்திருப்பேன்.

"டைல்ஸ் வேலையால வந்ததுங்களா?" என்று அப்பா கேட்டார்.

"வேலையால வரல. விழுந்து அடிபட்டு வரல. அவர் செஞ்ச எதாலயும் வரலைங்க" என்றார் டாக்டர். "ரத்தத்துல ஒரு அடையாளம் இருக்கு, ஹெச்எல்ஏ பி இருபத்தேழுன்னு. பிறக்கும்போதே அப்பா அம்மாகிட்ட இருந்து வாறது."

அது இருக்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் ஒன்றும் வராதாம். அப்படியானால் இவனுக்கு ஏன் வந்தது என்று நான் கேட்டேன். அது முழுதாக யாருக்கும் தெரியாது, குடலில் இருக்கிற கிருமிகளுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்கிறார்கள் என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால் அவர் சொன்ன மற்றதை எல்லாம் நான் நம்பினேன்.

சண்டை நடந்த இடத்தை ஆற்றுவதற்காக உடம்பு அங்கே புது எலும்பை வைக்கும். வைத்துக்கொண்டே போனால் ஒரு கணுவும் அடுத்த கணுவும் ஒட்டி முதுகு ஒரே கழியாகிவிடும். அண்ணனுக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. மாத்திரை உண்டு, அது போதாவிட்டால் ஊசி உண்டு. ஆனால் மாத்திரையைவிட ஒன்றை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்: படுத்துக் கிடக்கக் கூடாது. அசைய வேண்டும். ஓய்வெடுத்தால் இறுகும், நடந்தால் இளகும். இடுப்புப் பட்டையைத் தூக்கிப் போடச் சொன்னார்.

கடைசியாக, வீட்டில் வேறு யாருக்காவது முதுகு வளைந்திருக்கிறதா, கண் அடிக்கடி சிவக்குமா, காலையில் குதிகால் வலி உண்டா என்று கேட்டார். அப்பா உடனே "யாருக்கும் இல்லைங்க" என்றார். எனக்குப் பெரியப்பாவின் வளைந்த முதுகு ஞாபகம் வந்தது. அப்போது ஷூ லேஸ் அவிழ்ந்திருந்ததால் குனிந்து அதைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அதே நாள், சாயங்காலம்

பேருந்தில் அண்ணன் ஜன்னலோரம் உட்காரவில்லை, நின்றுகொண்டே வந்தான். டாக்டர் சொன்னது உனக்குப் புரிந்ததா என்று கேட்டேன்.

"ரெண்டு டைல்ஸுக்கு நடுவுல ஸ்பேசர் வச்சு இடம் விடுவோம்ல. வெயிலுக்குக் கொஞ்சம் விரியும், அதுக்குத்தான். நம்ம உடம்புல ஒரு கொத்தனார் இருக்கான் ஈசு. நல்லது செய்றதா நினைச்சு, அந்த இடத்துல எல்லாம் சிமென்டைப் பூசிக்கிட்டு இருக்கான்."

புத்தகத்தைவிட இது நன்றாக இருக்கிறது. ஆனால் அவன் 'நம்ம உடம்பு' என்று ஏன் சொன்னான் என்று யோசித்தேன். பேச்சுவாக்கில் சொல்லியிருப்பான்.

ஜூலை 28, ஞாயிறு

பெரியப்பா வீட்டுக்கு மாவு கொடுக்கப் போனேன். அப்பாவுக்கு மூத்தவர். பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பஞ்சர் கடை வைத்திருக்கிறார், தனி ஆள். முதுகு வளைந்து கழுத்தும் திரும்பாது. நம்மைப் பார்க்க வேண்டும் என்றால் உடம்போடு திரும்பி, கண்ணை மட்டும் மேலே உருட்டிப் பார்ப்பார். இடது கண்ணில் பார்வை கிடையாது. வருகிறவர்களைச் செருப்பை வைத்தே தெரிந்துகொள்வார். "என்ன தாயி, ஷூ எங்க? இன்னைக்கு அம்மா செருப்பு" என்றார்.

சின்ன வயதில் புளியமரத்திலிருந்து விழுந்ததால்தான் அவர் முதுகு இப்படி ஆனது என்று நான் பிறந்தது முதல் கேட்டிருக்கிறேன். எந்த மரம் என்று யாரும் சொன்னதில்லை. இன்று கேட்டேன்.

அவர் ட்யூபைத் தண்ணீருக்குள் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் மரமே ஏறுனதில்ல தாயி. எனக்கு உசரம்னா தலை சுத்தும். இருபது வயசுல காலையில எந்திரிக்க முடியாமப் போச்சு. அப்புறம் கண்ணு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இப்படி. உங்க அப்பனுக்கும் அத்தைக்கும் கல்யாணம் ஆகணும்ல? பரம்பரை வியாதின்னா எவன் வருவான். விழுந்துட்டான்னு சொன்னா பாவம்னுட்டுப் போயிருவாக. உங்க தாத்தா சொன்னாரு, நானும் விழுந்துட்டேன்."

சிரித்தார். ஓட்டை கிடைத்துவிட்டது, அதன் மேல் சாக்பீஸால் வட்டம் போட்டார். அப்புறம், மாரிக்கும் இருக்கா என்று கேட்டார். "அவன் நடை மாறுனப்பவே தெரியும்" என்றார். அவருக்கு நடையும் பாதமும்தான் தெரியும்.

நான் கிளம்பும்போது என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வேகமாக நடந்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வீட்டில் சண்டை. சத்தம் வராத சண்டை, அதனால் இன்னும் மோசம்.

பந்தல்குடியில் சொல்லிவிடலாம் என்றான் அண்ணன். மாத்திரையில் வலி பாதி குறைந்திருக்கிறது. அதிகாலையில் எழுந்து டாக்டர் காட்டிய பயிற்சிகளைச் செய்துவிட்டு டீக்கடை வரை நடந்து வந்தால் ஒன்பது மணிக்கு வேலைக்குத் தயாராகிவிடுகிறான். இதில் மறைக்க என்ன இருக்கிறது என்றான். அப்பா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா கல்யாணம் முடியட்டும், அப்புறம் அந்தப் பிள்ளையிடம் நானே பக்குவமாகச் சொல்கிறேன் என்றாள்.

அண்ணன் எழுந்து போன பிறகு அப்பாவிடம் சொன்னாள். நான் அடுப்படியில் இருந்தேன்.

"இவன் ஆம்பளப் புள்ள, எப்படியும் பொழைச்சுக்குவான். ரத்தத்துல இருக்குன்னு ஊருக்குத் தெரிஞ்சா, நாளைக்கு ஈசுவை எவன் வந்து கேட்பான்?"

எனக்குக் கல்யாணமே வேண்டாம், நான் படிக்கப் போகிறேன் என்று போய்ச் சொல்ல நினைத்தேன். பாத்திரம் கழுவிவிட்டுப் படுத்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பிரார்த்தனைக் கூட்டத்துக்கு நொண்டிக்கொண்டு வருகிறாய் என்று விளையாட்டு டீச்சர் என்னைத் தனியாக நிறுத்தினார். ஷூ என்றேன். இரண்டு மாதமாகவா என்றார்.

ஆகஸ்ட் 14, புதன்

விலங்கியல் தேர்வு நன்றாக எழுதினேன். இப்போதெல்லாம் நாலரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது. படுத்திருக்கப் பிடிப்பதில்லை. எழுந்து முற்றத்தில் நடந்துகொண்டே படிக்கிறேன். நடந்தால் நன்றாக மனப்பாடம் ஆகிறது. அரை மணி நேரத்தில் பாடமும் வந்துவிடும், உடம்பும் லேசாகிவிடும். அண்ணன் ஒரு மூலையில் பயிற்சி செய்வான், நான் மறு மூலையில் நடப்பேன். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

நாளை நிச்சயதாம்பூலம். பெண் வீட்டில், காலை ஆறிலிருந்து ஏழரை. வேலுச்சாமி மாமாதான் ஜோசியரிடம் குறித்து வாங்கி வந்தார். சாயங்காலம் ஒரு நேரமும் இருந்ததாம், ஆனால் விடிகாலைதான் விசேஷம் என்று அவரே முடிவு செய்துவிட்டார். சாயங்காலம் போதும் என்று அப்பா கேட்டிருக்கலாம். ஏன் என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வது?

அம்மா இன்று அண்ணனை வேலைக்கு அனுப்பவில்லை. நாளை எல்லார் காலிலும் விழ வேண்டும், முதுகு இன்று ஒரு நாளாவது முழு ஓய்வில் இருக்கட்டும் என்று கூடத்தில் பாய் விரித்துப் படுக்க வைத்துவிட்டாள். சாப்பாடு கூடப் படுக்கைக்கே போயிற்று.

நான் பள்ளி விட்டு வந்ததும் பார்த்துப் பதறிப்போனேன். ஓய்வெடுத்தால் இறுகும் என்று டாக்டர் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். அதை அவர் எத்தனை தடவை சொன்னார் என்றும் சொன்னேன்.

"நாலு பக்கம் படிச்சுட்டா டாக்டராயிருவியா? வலிச்சா படுக்கணும். மாட்டுக்குக் கூடத் தெரியும்."

அண்ணனிடம் கெஞ்சினேன், எழுந்து ஒரு நடை போய்விட்டு வா என்று. அவன் கூரையைப் பார்த்தபடி, "விடு ஈசு. இன்னைக்கு ஒரு நாள் அம்மா சொல்றதைக் கேட்போம். அம்மாவுக்கும் செய்ய ஏதாவது ஒண்ணு கையில வேணும்ல" என்றான்.

மல்லிகை கட்டினேன். பழத்தட்டுக்கு மஞ்சள் தாள் ஒட்டினேன். என் தாவணி இஸ்திரி ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாலு மணிக்கு வேன். அண்ணனை எழுப்ப அப்பாவும் நானும் இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டியிருந்தது. வேனில் ஏற ஒரு காலைத் தூக்கி வைக்க அவன் கையால் தொடையைத் தூக்கினான். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். விபூதி மட்டும் பூசிவிட்டாள். பெரியப்பாவும் வந்தார். பின் வரிசையில் உட்காரும்படி அம்மா கேட்டுக்கொண்டாள்.

பந்தல்குடியில் பெண் வீட்டு வாசலில் சாமியானா. நாற்காலிகளில் பெரியவர்கள். பெரியப்பாவுக்கு ஓரத்தில், பந்தக்கால் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பாண்டிச்செல்வி அரக்கு நிறப் புடவையில் வந்தார். தட்டு மாற்றுவதற்கு முன்னால் மாப்பிள்ளையும் பெண்ணும் பெரியவர்கள் காலில் விழ வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். முதலில் தாய்மாமன்.

பாண்டிச்செல்வி விழுந்து எழுந்துவிட்டார். அண்ணன் நின்றான். கையைத் தொடையில் ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தான். பாதி வரை போனான். அதற்கு மேல் அவன் முதுகு போகவில்லை. ஒரு நொடி அப்படியே நின்றான், பிறகு அதே மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தான். தெரியாதவர்களுக்கு அது ஒப்புக்குத் தலையாட்டியது மாதிரிதான் தெரிந்திருக்கும்.

வேலுச்சாமி மாமா காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "என்ன மாப்ள, எங்க கால்ல விழுறதுக்குச் சதுர அடி கணக்குல கூலி பேசணுமோ?"

சிலர் சிரித்தார்கள். அண்ணனின் கழுத்தெல்லாம் வியர்வை.

அம்மா முன்னால் ஓடினாள். "தப்பா நினைக்காதீக அண்ணே. நேத்து வேலையில சாரத்துல இருந்து சறுக்கி விழுந்துட்டான். இடுப்புல அடி. டாக்டரு குனியக் கூடாதுன்னுட்டாரு."

அடடா என்ற குரல் கூட்டத்தில் வந்தது. நாற்காலி கொண்டுவரச் சொன்னார்கள். மாமாவின் முகமே மாறிவிட்டது, அதை முதலிலேயே சொல்ல வேண்டாமா என்று எழுந்து அண்ணனின் தோளைப் பிடித்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று எனக்குக்கூடத் தோன்றியது. சரியாகிவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். அதையும் எழுத வேண்டும்.

"இல்லம்மா. நான் விழல" என்றான் அண்ணன்.

அம்மா அவன் கையைப் பிடித்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, பாண்டிச்செல்வியைப் பார்த்துப் பேசினான்.

"எங்க பெரியப்பாவும் மரத்துல இருந்து விழல. எங்க வீட்டுல யாரும் விழல. இது ரத்தத்துல வாற நோவு. முதுகெலும்பு இறுகிக்கிட்டே வரும். மாத்திரை சாப்பிடுறேன், பயிற்சி செய்றேன். விடியக்காலையில என்னால குனிய முடியாது. பொழுது ஏற ஏற முடியும். இதை உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்."

நான் பெரியப்பாவைப் பார்த்தேன். அவரால் தலையைத் தூக்க முடியாது. அங்கே நின்ற அத்தனை பேரின் கால்களையும் பார்த்துக்கொண்டு, முழங்கால் மேல் இரண்டு கைகளையும் வைத்து உட்கார்ந்திருந்தார். வேட்டியில் ஒரு சொட்டு விழுந்தது. பார்வையில்லாத கண்ணிலிருந்தா, மற்றதிலிருந்தா என்று தெரியவில்லை.

வேலுச்சாமி மாமா தோளிலிருந்து கையை எடுத்தார். மரியாதையாகவே பேசினார், அதுதான் பயமாக இருந்தது. வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம் என்றார். கலந்து பேச வேண்டியவர்கள் எல்லாம் அங்கேதான் இருந்தார்கள். அப்பா தட்டுகளை ஒவ்வொன்றாக வேனுக்குத் திருப்பி எடுத்து வந்தார். இலை போட்டிருந்தார்கள், நாங்கள் சாப்பிடவில்லை. பாண்டிச்செல்வி நாங்கள் போகும் வரை அதே இடத்தில் நின்றார், அழவில்லை.

வேனில் அம்மா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஊருக்குள் நுழையும்போது என்னிடம் மட்டும் சொன்னாள், "உன்னைய நினைச்சுத்தான்டி சொன்னேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கை மாவு மணத்தது. நான் கேட்காத ஒரு பொய் எனக்காகச் சொல்லப்பட்டிருக்கிறது. அதை என்ன செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

ஆகஸ்ட் 31, சனி

தட்டில் இருந்த பழங்களை எல்லாம் தெருவில் கொடுத்தோம். கேட்டவர்களுக்குத் தேதி தள்ளிப் போயிருக்கிறது என்று அப்பா சொன்னார்.

செப்டம்பர் 1, ஞாயிறு

மத்தியானம் அண்ணனுக்குப் பாண்டிச்செல்வியிடமிருந்து போன் வந்தது. அவன் தரையில் குப்புறப் படுத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்ததால் நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்தேன். அம்மா வாசலில் மாவு விற்றுக்கொண்டிருந்தாள்.

பாண்டிச்செல்விதான் முதலில் கேட்டார்.

"சாயங்காலம்னா குனிவீகளா?"

"குனிவேன்."

"அப்ப சாயங்காலமே வச்சிருக்கலாம்ல. நானே நடுராத்திரி வரைக்கும் ஷிப்ட் பார்த்துட்டு வந்து தூங்கி விழுந்துக்கிட்டு நின்னேன்."

அண்ணன் முகத்தைத் தரையில் வைத்துக்கொண்டு சிரித்தான், தோள் குலுங்கியது. அவன் அழுகிறானோ என்று நான் குனிந்து பார்த்தேன். இரண்டும்தான்.

ஆனால் அவர் சிரிக்கவில்லை. மாமா மறுத்துவிட்டார், வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிட்டார் என்றார். தான் இன்னும் மறுக்கவில்லை என்றார். பிள்ளைகளுக்கு வருமா என்று கேட்டார். வரலாம், வராமலும் போகலாம், அந்த அடையாளமே பாதிக்குப் பாதிதான் போய்ச் சேரும், சேர்ந்தாலும் நிறையப் பேருக்கு நோய் வராது என்று அண்ணன் சொன்னான். சரியாகச் சொன்னான். நான் சொல்லிக் கொடுத்ததுதான்.

"மாமாகிட்ட நான் ஒத்தையாத்தான் பேசணும். அதுக்கு எனக்கு முழுசாத் தெரியணும். நாளைக்கு ஒண்ணு, நாளான்னைக்கு ஒண்ணுன்னு தெரிஞ்சா நான் அங்க நிக்க முடியாது. உங்க வீட்டுல வேற யாருக்கு இருக்கு?"

"எனக்கும் பெரியப்பாவுக்கும்" என்றான் அண்ணன்.

சொல்லிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். விலங்கியல் ரெக்கார்டில் இதயம் வரைய வேண்டியது பாக்கி இருந்ததால் நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். எழும்போது சுவரைப் பிடித்தேன். வேகமாக எழுந்தால் யாருக்குமே தலை சுற்றும்.

வலது இதயக் கீழறைக்கு நீலம் அடிப்பதற்குப் பதிலாகச் சிவப்பு அடித்துவிட்டேன். பக்கத்தைக் கிழித்தேன்.

செப்டம்பர் 2, திங்கள்

விடியுமுன் விழித்தேன். அம்மா எழுந்து கிரைண்டரை ஓட விட்டிருந்தாள். முற்றத்தில் அண்ணன் சுவரில் முதுகை ஒட்டி நின்று, தலையின் பின்பக்கத்தைச் சுவரில் தொட வைக்க முயன்றுகொண்டிருந்தான். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினேன். முதல் எட்டு. இரண்டாம் எட்டு. எப்போதும் போலத் தூணைப் பிடித்தேன்.

அவன் சுவரை விட்டு வரவில்லை. பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். நான் போய் அவன் மாதிரியே முதுகை ஒட்டி நின்றேன். சுவர் குளிர்ந்திருந்தது. புத்தகம் கையில் இருந்தது, வெளிச்சம் இல்லாததால் படிக்க முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"எத்தனை நாளா ஈசு?"

புது ஷூ வாங்கியதிலிருந்து என்று சொல்ல வாயைத் திறந்தேன். இந்த டைரியின் முதல் பக்கத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

"ஷூ வாங்குறதுக்கு முன்னாலயே அண்ணே" என்றேன். "கோடை லீவுல இருந்து. அவுககிட்ட மூணு பேருன்னு சொல்லிரு."

உள்ளே கிரைண்டர் நின்றது.

அம்மா ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பெரியப்பாவைப் போல என் பாதங்களை வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் படியில் உட்கார்ந்து, என் வலது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மாவுக் கையோடு குதிகாலை அமுக்கினாள்.

"இங்கயா?" என்றாள்.

அங்கேதான்.